கொழுஞ்சூடு: முயலூனும் நெய்யில்லாச் சமையலும்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஈப்போ நகரில் தமிழாசிரியர்களுக்கான இருநாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. சங்க இலக்கியத்தை மாணவர்க்கு எவ்வாறு சுவைபடச் சொல்வது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். புறநானூற்று 34ஆம் பாட்டை எடுத்துக்கொண்டேன். ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய பாட்டு அது. வளவனிடம் பரிசில் பெற்ற பாணர், இலந்தை மரம் நின்ற மன்றத்தில் சுற்றத்தோடு அமர்ந்து உண்ணும் காட்சி அதில் வருகிறது. அங்கே பரிமாறப்பட்ட இறைச்சியைக் ‘கொழுஞ்சூடு’ என்கிறார் புலவர். சுடப்பட்டது முயல்.

விளக்கம் முடியுமுன்னே பின் வரிசையிலிருந்து இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார். “ஐயா, என் தந்தையார் முயல் வளர்ப்பவர். ஆட்டில் கொழுப்பு உண்டு, கோழியில் உண்டு, முயலில் மட்டும் கிடையாது என்று சொல்லித்தான் அவர் விற்கிறார். கொழுப்பில்லாத இறைச்சியைப் புலவர் கொழுஞ்சூடு என்பானேன்? பிழை புலவருடையதா, தந்தையாருடையதா?” என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் விடை அப்போது என்னிடம் இல்லை. ‘கொழு என்றால் வளம் என்று பொருள்’ என ஒரு வரியில் சொல்லி மேலே சென்றுவிட்டேன். அந்த விடை தவறன்று, முழுமையும் அன்று. வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு; அதனைக் கட்டுரையின் இறுதியில் சொல்வேன்.

முயல் எது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் ‘முயல்’ என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். ஒன்று காட்டு முயல். இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது. பிடரியில் கரிய திட்டு உடையது. வளை தோண்டாமல் புதரடியிலும் புல்லிடையிலும் பதுங்கிக் கிடக்கும். இதன் குட்டி பிறக்கும்போதே உடலில் மயிரும் திறந்த கண்களும் உடையதாக இருக்கும். மற்றொன்று குழிமுயல். இதன் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பெயின், போர்த்துகல் பகுதி. மண்ணுள் வளை தோண்டி வாழும். குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியவாறு பிறக்கும். இன்று உலகெங்கும் கூண்டில் வளர்க்கப்படுவது இக்குழிமுயலின் வழிவந்ததே. நம் பேராக்கில் மலாய்க்காரர் ‘அர்னாப்’ என்று அழைத்து வளர்ப்பதும், அந்த ஆசிரியையின் தந்தையார் விற்பதும் இதுவே. ‘நியூசிலாந்து வெள்ளை’ என்று பெயர் பெற்ற இனம் பலரும் அறிந்தது. பெயரில் நியூசிலாந்து இருப்பினும் அதனை உருவாக்கியது அமெரிக்கா.

சங்கப் புலவர் பாடியது காட்டு முயலை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் வேட்டையைக் கண்முன் நிறுத்துகிறார். நாயோடு சென்ற கானவர் புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வேலியின் இடைவெளிகளில் வலையை மாட்டுகின்றனர். நெடிய காதுகளையுடைய முயல்கள் தப்ப வழியின்றி வளைக்கப்படுகின்றன. அக்காதுக்குத் தாமரையின் புற இதழை உவமையாக்குகிறார் புலவர். பார்த்துப் பழகிய கண்ணுக்கே தோன்றும் உவமை இது. வள்ளுவரும் 772ஆம் குறளில், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை ஏந்துவதே சிறப்பு என்றார். பெருமைக்கு யானை, எளிமைக்கு முயல். எளிதில் கிடைக்கும் இரை என்பதால் எளியவர் வீட்டு உணவாக அது இருந்தது. இன்று இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இனி முயற்கறி என்று நாம் பேசுவதெல்லாம் வளர்ப்பு முயலைப் பற்றியதே.

இரு விலங்கின் ஊனும் ஒன்றன்று. நெடுந்தொலைவு ஓடிப் பழகிய காட்டு முயலின் தசை கருஞ்சிவப்பாக இருக்கும். கூண்டு முயலின் தசை கோழி நெஞ்சுக்கறிபோல் வெளிறியிருக்கும். கொழுப்பு குறைவு என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. உணவு நூலார் தரும் அளவைப் பார்ப்போம். 100 கிராம் பச்சை இறைச்சியில் வளர்ப்பு முயலுக்குப் புரதம் ஏறத்தாழ 20 கிராம், கொழுப்பு ஐந்தரை கிராம். காட்டில் திரியும் குழிமுயலுக்குப் புரதம் ஏறத்தாழ 22 கிராம், கொழுப்பு இரண்டேகால் கிராம் அளவே. ஆகவே தந்தையார் சொன்னது வணிகப் பேச்சு மட்டும் அன்று, பெரும்பாலும் உண்மை. கேள்வி இன்னும் வலுக்கிறதேயன்றித் தளரவில்லை.

சமையலுக்குத் தமிழில் எத்தனை சொல்!

கொழுப்பில்லாத ஊனை, மேலும் கொழுப்புச் சேர்க்காமல் சமைக்க இயலுமா? இயலும் என்பதற்கு நம் மொழியே சான்று. சமைக்கும் வினைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சுடுதல் என்பது தீயிலோ தணலிலோ நேரே இடுவது. வாட்டுதல் என்பது தீ படாமல் அதன் வெப்பம் மட்டும் படும்படி காட்டுவது. அவித்தல் என்பது நீரிலோ ஆவியிலோ வேகச் செய்வது. புழுக்குதல் என்பது ஈர வெப்பத்தில் உள்ளீடு வரை வெந்து குழையச் செய்வது. மழைக்கு முந்தைய பிற்பகலில் உடல் வெந்துபோவதைப் ‘புழுக்கம்’ என்கிறோம். புழுங்கலரிசியும் இவ்வினையிலிருந்து வந்ததே. வறுத்தல் என்பது நீரின்றிச் சூடான சட்டியில் புரட்டுவது. கொத்துமல்லியையும் சீரகத்தையும் இன்றும் எண்ணெயின்றியே வறுக்கிறோம். பொரித்தல் என்றதும் நாம் எண்ணெய்ச் சட்டியை நினைக்கிறோம். ஆனால் நெற்பொரிக்கும் சோளப்பொரிக்கும் எண்ணெய் தேவையில்லை. சூட்டில் பொரிவதே அச்சொல்லின் அடிப்படை. தாளித்தல் ஒன்றே நெய்யையோ எண்ணெயையோ கட்டாயமாக வேண்டி நிற்பது.

இதனால் பழந்தமிழர் நெய்யை அறியார் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. அதே பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வீட்டில் மாதுளங்காயை வெண்ணெயில் வேவித்து மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்த கறி பேசப்படுகிறது. பால் கறக்கும் ஆ உள்ள இடத்தில் வெண்ணெய் உண்டு. அங்கே அதில் வேகும் கறியும் உண்டு. வில்லும் நாயும் மட்டும் உள்ள வீட்டில் தணல் உண்டு; அங்கே சூட்டிறைச்சி உண்டு. சமையல் முறை என்பது பெரும்பாலும் கைக்கெட்டிய பொருளின் வரலாறு.

பொருநராற்றுப்படை இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து வைக்கிறது. கரிகாலன் அவையில் பொருநனுக்கு ஆட்டுத் தொடையின் புழுக்கும் கிடைத்தது. இருப்புக் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனும் கிடைத்தது. சூடு தாங்காமல் அவன் அதை வாயின் இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றி ஆற்றித் தின்றான். மாணவரிடம் இக்காட்சியைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பே வாயை அசைத்துக் காட்டும்!

நெய்யின்றி வேகும் வழி

இனி, முயலுக்கு வருவோம். கொழுப்பு மிகுந்த இறைச்சி தீயில் வேகும்போது அதன் கொழுப்பு உருகித் தசைநாரிடையே பரவி மென்மை தருகிறது. முயலுக்கு அந்த உதவி இல்லை. வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்து ஏறஏறத் தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. நீர் போயிற்று, கொழுப்பும் இல்லை; மிஞ்சுவது நார். முயற்கறி சக்கையாயிருக்கிறது என்று பலர் குறைகூறுவதன் காரணம் இதுவே. ஆனால் தசைகளைப் பிணைக்கும் வெண்ணிற இணைப்புத் திசு, ஈர வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கரைந்து பாகாக மாறும். ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கட்டியாக உறைவதை நாம் பார்த்திருக்கிறோமே, அந்தப் பாகுதான் அது. அது நாரிடையே கலந்து கொழுப்பின் வேலையை ஒருவாறு செய்கிறது. ஆகவே நெய்யில்லாச் சமையலின் மறைபொருள் மூன்று: உப்பு, ஈரம், பொறுமை.

உப்பை முன்கூட்டியே தடவி வைத்தால் அது தசையுள் ஊறிப் புரதத்தைச் சற்றே தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் வேகும்போது நீரை எளிதில் விடுவதில்லை. அரைமணி நேரமேனும் ஊற வேண்டும். ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் இன்னும் நன்று. ஈரத்தைக் காப்பதற்கு ஒவ்வொரு மக்களும் ஒவ்வொரு வழி கண்டனர். அதைக் காண நாம் பேராக்கை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

நம் மாநிலத்து மலைக்காடுகளில் வாழும் செமாய், தெமியார் மக்கள் இறைச்சியையும் கிழங்கையும் பச்சை மூங்கிற்குழாயில் அடைத்து, வாயை இலையால் மூடித் தீயருகே சாய்த்து வேகவைக்கின்றனர். பச்சை மூங்கிலின் ஈரமே உள்ளிருக்கும் பொருளைக் காய்ந்துபோகாமல் காக்கிறது. ஈப்போவுக்கு வரும் வெளியூரார் பலர் திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் கொண்டு போவர். உப்பில் சுட்ட கோழி அது. ஹக்கா சீனர் வழிவந்த முறை. கோழியைத் தாளில் இறுகச் சுற்றிச் சூடேற்றிய கல்லுப்பில் புதைக்கின்றனர். உப்பு நாற்புறமும் ஒரே சீராக வெப்பம் தருகிறது. தாள் ஆவியை உள்ளேயே அடைக்கிறது. ஒரு துளி எண்ணெய் இல்லை. நம்மவர் வாழையிலையில் மீனைப் பொதிந்து தணலில் இடுவதும் இவ்வகையே. மூங்கில், தாள், வாழையிலை ஆகிய பொருள்கள் வேறு, அறிவு ஒன்று.

வீட்டில் செய்வதற்கு மண்சட்டி போதும். சுத்தம் செய்த ஒரு கிலோ முயற்கறியை மூட்டுமூட்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி ஊறவிடுக. மிளகு, சீரகம், கொத்துமல்லி ஆகியவற்றை வெறுஞ்சட்டியில் வறுத்துப் பொடி செய்க. நறுக்கிய சின்ன வெங்காயத்தைச் சட்டியின் அடியில் பரப்புக. வெங்காயம் விடும் நீரே கறி அடிப்பிடிக்காமல் முதற்காவலாக நிற்கும். அதன்மேல் கறி, தட்டிய இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை, பொடி. அரைக் குவளை புளித்தண்ணீர். சட்டியைக் குழிந்த தட்டால் மூடித் தட்டின்மேல் சிறிது தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். தட்டு குளிர்ந்திருப்பதால் எழும் ஆவி அதில் பட்டு மீண்டும் துளியாகக் கறியின்மேல் விழும். மேல்தண்ணீர் சுண்டச்சுண்ட ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். தீ சிறியதாக இருக்கட்டும். இளமுயலாயின் ஒரு மணி நேரம், முற்றியதாயின் இரண்டு. இறுதியில் மூடியைத் திறந்து சாற்றைச் சுண்டவைத்தால் அப்பாகு கறியில் ஒட்டிப் பளபளக்கும். பார்ப்பவர் எண்ணெய் ஊற்றியதாகவே எண்ணுவர்.

இரண்டு எச்சரிக்கை. எந்த முறையில் சமைத்தாலும் எலும்பை ஒட்டிய பகுதி வரை நன்றாக வேக வேண்டும். 71 பாகை செல்சியசு எட்ட வேண்டும் என்பர் உணவுப் பாதுகாப்பு அறிந்தவர். மற்றொன்று, எண்ணெய் ஊற்றவில்லை என்று சொல்லிக்கொண்டே கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றுவோர் நம்மிடையே உண்டு. தேங்காய்ப்பாலும் கொழுப்பே. நெய்யில்லாச் சமையல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

முயற்பட்டினி

இவ்வளவும் படித்தபின், கொழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்மை என்று எவரேனும் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு இன்று நம்மவரிடையே பரவி வருவதால் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய நாடளாவிய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது நூற்றுக்கு 31. பத்தில் மூவர்! ஆசிரியர் அறையில் சர்க்கரையில்லாத் தேநீர்க் குவளைகளை எண்ணினால் அக்கணக்கு விளங்கும். ஆகவே எண்ணெயைக் குறை, சோற்றைக் குறை என்னும் அறிவுரை வீடுதோறும் கேட்கிறது. நல்ல அறிவுரை. ஆனால் சிலர் இரண்டையும் அறவே ஒழித்துவிட்டு வெறும் கொழுப்பற்ற இறைச்சியால் வயிற்றை நிரப்ப முற்படுகின்றனர்.

வட அமெரிக்கக் காட்டு மக்களும் வேட்டைக்காரரும் நெடுங்காலமாக அறிந்த ஒரு நோய் உண்டு. அதற்கு ‘முயற்பட்டினி’ என்று பெயர். குளிர்காலத்தில் வேறு உணவு கிடைக்காமல் முயலை மட்டுமே தின்றவர், வயிறு நிறையத் தின்றும் பசியோடிருந்தனர். சில நாளில் வயிற்றுப்போக்கும் தலைவலியும் தளர்ச்சியும் கண்டன. மேலும் தின்றனர், மேலும் தளர்ந்தனர். வடதுருவப் பகுதிகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆய்வுப்பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இதனைப் பற்றி எழுதினார். 1928ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்தம் மேற்பார்வையில் அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்டபோது சில நாட்களிலேயே நோயுற்றார். இறைச்சியோடு கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறினார்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரி வெப்பம் தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மேலே சொன்ன காட்டு முயல் ஊனில் புரதத்தால் வருவது ஏறத்தாழ 88, கொழுப்பால் வருவது ஏறத்தாழ 21. அதாவது ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் புரதத்திலிருந்தே வருகிறது. புரதத்தை எரித்தால் அதிலுள்ள நைட்ரசன் கழிவாக மிஞ்சும். அதனை யூரியாவாக மாற்றுவது கல்லீரல்; வெளியேற்றுவது சிறுநீரகம். கல்லீரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. நாளுணவின் மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் புரதத்திலிருந்து பெறுவது நெடுநாளைக்கு ஏற்றதன்று என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கு எல்லை இன்னும் குறுகும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே இறைச்சியின் அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். முயல் நல்ல உணவு. முயல் மட்டுமே உணவாகாது.

கொழுஞ்சூடு: விடை

இப்போது ஆசிரியையின் கேள்விக்குத் திரும்புவோம். ‘கொழு’ என்னும் அடை விலங்கின் கொழுப்பைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை. தளதளவென்று வளர்ந்த எதற்கும் அது பொருந்தும். செடியின் இளந்தளிரைக் ‘கொழுந்து’ என்கிறோம். தேயிலைக் கொழுந்தில் கொழுப்பு ஏது? இதற்குப் புறச்சான்று தேட வேண்டா. அப்பாட்டிலேயே அகச்சான்று இருக்கிறது. முயலின் சூட்டைக் கொழுஞ்சூடு என்ற ஆலத்தூர் கிழார், சில அடிகள் கடந்து பாணர் நிறைய உண்ட சோற்றையும் ‘கொழுஞ்சோறு’ என்கிறார். சோற்றுக்கு எந்த விலங்கின் கொழுப்பு? ஆகவே புலவர் கருதியது உணவின் வளத்தையும் நிறைவையும் என்பது தெளிவு.

அந்த நிறைவு எதனால் வந்தது? இதுவே நான் பயிலரங்கில் சொல்லத் தவறியது. பாணர் உண்டது முயலை மட்டும் அன்று. புறாவின் முட்டைபோன்ற வரகைப் பாலில் இட்டுச் சமைத்தனர். அதில் தேனைக் கலந்தனர். அதனோடு முயலின் சூட்டைத் தின்றனர். பாலில் கொழுப்பு உண்டு. வரகிலும் தேனிலும் மாவும் இனிப்பும் உண்டு. முயலில் இல்லாதவற்றையெல்லாம் அவை நிரப்பின. ஸ்டெஃபான்சனுக்கு மருத்துவமனையில் கிடைக்காமற்போனது பாணருக்கு இலந்தை மரத்தடியில் கிடைத்தது. உணவு நூல் கற்றுப் புலவர் இதனைப் பாடினார் என்று நான் சொல்லமாட்டேன். அது தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதாகிவிடும். மக்கள் தம் பட்டறிவால் அமைத்த உணவைப் புலவர் கண்டவாறு பாடினார் என்பதே பொருத்தம். சூடு கொழுவியதாயிற்று, தன் கொழுப்பால் அன்று. தன்னோடு இருந்த கூட்டாளிகளால். ஆகவே ஆசிரியைக்கு என் விடை: அம்மா, புலவரும் பிழை செய்யவில்லை, தந்தையாரும் பிழை செய்யவில்லை.

‘ஆயினும்’ என்ற ஒரு சொல்

புறநானூற்றில் சுட்ட முயல் வரும் இன்னோரிடம் 319ஆம் பாட்டு. பாடியவர் ஆலங்குடி வங்கனார். சிற்றூர் ஒன்றில் ஓர் எளிய வீட்டு முற்றம். பொழுது சாயும் நேரம். பாணன் ஒருவன் வருகிறான். வீட்டுத் தலைவன் வேந்தன் ஏவிய தொழிலின்மேல் முன்னாளே சென்றுவிட்டான். தினையைத் தூவிப் புறாவையும் காடையையும் பிடித்து நல்ல விருந்து செய்யலாம் என்றால் அதற்கும் நேரம் கடந்துவிட்டது. வீட்டிலிருப்பது சுட்ட முயற்கறி. அதுவாயினும் தருகிறோம், உள்ளே வந்து இரு என்று பாணனை அழைக்கின்றனர். ‘ஆயினும்’ என்ற இழிவு சிறப்பும்மையில் ஒரு குடும்பத்தின் நாணமும் அன்பும் ஒருங்கே நிற்கின்றன. இலக்கண வகுப்பில் உம்மைக்கு உதாரணம் தேடி நாம் எங்கெங்கோ அலைகிறோம்!

இச்சொல்லை நான் படித்தது கல்லூரியில். கேட்டது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். ஆண்டு 1994. பயிற்சி முடித்து வந்த புதிய ஆசிரியன் நான். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடும் வேலை தொடங்கியிருந்தது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. என் வகுப்பில் கருத்தாகப் படித்த சிறுவன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை. தேடிப்போனேன். தாய் தந்தை பட்டணத்தில் வேலை தேடச் சென்றிருந்தனர். வீட்டில் பாட்டியும் அவனும் மட்டும். வீட்டின் பின்னால் பலகைக் கூண்டில் நான்கைந்து முயல்கள். மறுக்க மறுக்க என்னை உட்காரவைத்து, இலையில் பொதிந்து அடுப்புத் தணலில் சுட்ட முயற்கறியும் மரவள்ளிக் கிழங்கும் வைத்தார் பாட்டி. “எண்ணெய் இல்லாம ஆக்குனதுதான் வாத்தியாரய்யா, மனசு கோணாம சாப்பிடுங்க” என்றார்.

ஜப்பானியர் ஆண்ட 1941 முதல் 1945 வரையான காலத்தில் அவர் சிறுமி. எண்ணெய்க்கு எங்கே போவது, இலையும் உப்பும்தான் துணை என்று அப்போது தம் தாயிடம் கற்ற சமையல் அது. காதைக் கிழித்துப் பார்த்து எளிதில் கிழிந்தால் இளமுயல், அதுவே தணலுக்கு ஆகும், முற்றியதைச் சட்டியில்தான் போட வேண்டும் என்ற நுட்பத்தையும் அன்று சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. எண்ணெயில் புரட்டாத வெளிறிய கறி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு துண்டு தின்றுவிட்டு, “கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது பாட்டி” என்று சொல்லி இலையை மூடினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் அந்த லயம் இடிக்கப்பட்டது. பாட்டியையும் பையனையும் நான் மறுபடி காணவில்லை.

ஆலத்தூர் கிழாரின் பாட்டு எதைப் பற்றியது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. கொடிய பாவங்கள் பலவற்றுக்கும் கழுவாய் உண்டு. செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்று அறம் கூறுகிறது என்பதே அப்பாட்டின் தொடக்கம். 110ஆம் குறள் சொல்வதும் அதுவே. அந்த அறத்தை நிறுவவந்த இடத்தில்தான் முயலின் சூடு வருகிறது. பால்வரகும் முயற்சூடும் உண்ட பாணர்க்கு இத்தனையும் தந்தவன் வளவன், அவன் வாழ்க என்று தாம் பாடாமற் போனால் கதிரவன் தோன்றமாட்டான் என்கிறார் புலவர். உண்ட வாய் வாழ்த்த வேண்டும். மன்னன் தந்த விருந்தை வாழ்த்தப் புலவர் இருந்தார். லயத்துப் பாட்டி தந்த விருந்தை வாழ்த்த வேண்டியவன் நான். அந்தப் பாட்டை முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தும், இளம் ஆசிரியை ஒருவர் கொழுப்பைப் பற்றிக் கேட்கும்வரை இது எனக்கு உறைக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். இப்பாட்டுகளை நடத்தும்போது ‘முயல்’ என்பதற்குப் படம் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். சுடுதல், வாட்டுதல், அவித்தல், புழுக்குதல் ஆகிய சொற்களை மாணவர் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்துவிட்ட குடும்பங்களில் அச்சமையலை அறிந்தவர் இன்னும் சிலரே இருக்கின்றனர். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். அவர் சமைத்துத் தந்தால், எண்ணெய் இருப்பினும் இல்லாவிடினும், இலையை வழித்து உண்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழட்டும்.